கண்டார்களா, எடுத்தார்களா?

உங்களில் எத்தனை பேர் ‘பிக் அப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைத் திறந்து பார்த்திருப்பீர்கள்? நான் பதினொரு வருடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த பிறகுதான் பார்த்தேன். பார்த்த நேரத்தில், அந்தச் சொல்லோடு சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் கடலில் உயிரோடு இருந்தார்கள். அவர்களைத் தேடிப்போன போட்டுகள்தான் கரைக்கு வந்து சேர்ந்திருந்தன.

திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட, மீன்பிடி அலுவல்களைக் கவனிக்கும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. மொழிபெயர்ப்பாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கடிதம் எழுதும் முறை, கலைச்சொல் பட்டியல், சுற்றறிக்கை நடை இவற்றையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் விட்ட பிழையைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த முதல் வருடம். ஐஸ் தொழிற்சாலையைப் பார்க்க வந்த வெளிநாட்டு நிபுணர் ஒருவர், திருத்த வேலையை ‘புட் ஓஃப்’ பண்ண வேண்டி வரும் என்றார். தள்ளிப்போட வேண்டி வரும் என்பது அதன் பொருள். நான் மெஷின்காரரைப் பார்த்து, “ஓஃப் பண்ணட்டாம்” என்றேன். அவர் ஓடிப்போய் சுவிச்சை அணைத்துவிட்டார். இரைச்சல் சட்டென்று நின்றது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், விஷயம் விளங்கியதும் சிரித்தார்கள். ஒரு நிமிடத்தில் மெஷின் மறுபடி ஓடியது. அந்தச் சிரிப்பினால் எனக்கு நன்மை ஒன்றும் வரவில்லை. பிழை விட்டால் உடனே தெரிந்துவிடும், உடனே திருத்திவிடலாம் என்ற எண்ணம் அன்றைக்கு என் மனதில் விழுந்துவிட்டது. பத்து வருடம் அது அப்படியே கிடந்தது.

இனிச் சொல்லப்போவது போர் முடிந்து சில வருடங்களுக்குப் பின் நடந்தது. மூதூரைச் சேர்ந்த நஸீர் என்பவரும், அவருடைய மனைவியின் தம்பி ரிஸ்வானும் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனார்கள். பின்னேரத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அது கச்சான் வீசும் காலம். தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற சூடான காற்று அது. எஞ்சின் நின்றுபோனால் அந்தக் காற்று போட்டைக் கரைக்கு விடாது, கிழக்கே கிழக்கே தள்ளிக்கொண்டு போகும்.

ஞாயிற்றுக்கிழமை மூதூரிலிருந்து ஆறு போட்டுகள் தேடிப் புறப்பட்டன. அவற்றில் ஒன்று பெரிய போட். அதில் வயர்லெஸ் செட் இருந்தது. எங்கள் கந்தோரிலும் ஒரு செட் இருந்ததால் வீட்டு ஆட்கள் எல்லோரும் எங்களிடம் வந்துவிட்டார்கள். விறாந்தை முழுக்க சனம். நஸீரின் மூத்த சகோதரர் ஹனீபாவை ஊரே அண்ணன் என்ற பொருளில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முப்பது வருடம் கடலுக்குப் போனவர், அந்தத் தேடுதலை அவர்தான் நடத்தினார். செட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எந்தப் போட் எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு எண்ணெய் மிச்சம் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நஸீரின் மனைவி ஜெஸீமா வாசல் நிலையில் சாய்ந்தபடி நின்றார். உட்காரச் சொன்னால், “இல்ல மிஸ், நிக்கிறன்” என்பார். மூன்று நாளும் அப்படியே நின்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு ஃபக்ஸில் ஒரு தாள் வந்தது. முதல்நாள் எங்கள் துறைமுகத்தில் சாமான் இறக்கிவிட்டுப் போன சரக்குக் கப்பல் ஒன்று தன்னுடைய முகவருக்கு அனுப்பிய செய்தி. முகவர் கந்தோர் அதை அப்படியே எங்களுக்குத் திருப்பிவிட்டிருந்தது. ஒரே ஒரு வரி. ‘பிக்ட் அப்’ சின்னப் படகு ஒன்று, காலை ஆறு நாற்பது, இரண்டு ஆட்கள். அதற்குப் பிறகு இடத்தைக் குறிக்கும் எண்கள். கடைசியில், கப்பல் அடுத்த துறைமுகத்தை நோக்கித் தொடர்ந்து போகிறது. அவ்வளவுதான்.

நான் ஒருமுறை வாசித்தேன். எனக்கு விளங்கிவிட்டது. இந்த நாட்டில் அந்தச் சொல் யாருக்குத்தான் விளங்காது? பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிக் அப் பண்ணுகிறோம். சந்தியில் நிற்கிற ஆளை பிக் அப் பண்ணுகிறோம். கப்பல் இரண்டு ஆட்களை பிக் அப் பண்ணியிருக்கிறது, ஏற்றிக்கொண்டு அடுத்த துறைமுகத்துக்குப் போகிறது. கடைசியில் இருந்ததும் அதற்குப் பொருந்திவிட்டது.

ஒன்றை மட்டும் உங்களிடம் மறைக்கக்கூடாது. எனக்கு ஒரு சின்னத் தயக்கம் வந்தது. ஆட்களை ஏற்றியிருந்தால் பெயரைக் கேட்டு எழுதியிருப்பார்களே, பெயர் எங்கே என்று ஒரு யோசனை வந்து போனது. தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முகவர் கந்தோருக்கு எடுத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. விறாந்தையில் நாற்பது பேர் நிற்கிறார்கள், ஜெஸீமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிக் அப் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் முகவர் கந்தோர் எழுதுவினைஞரிடம் கேட்பதா? கடினமான சொல் என்றால் கேட்டிருப்பேன். அது லேசான சொல்.

எழுந்து வாசலுக்குப் போனேன். காக்காவும் செட்டை விட்டு எழுந்து வந்தார்.

“என்ன மிஸ்?”

“கப்பலொண்டு ரெண்டு பேரையும் எடுத்திட்டுது, காக்கா. காலமை ஆறு நாப்பதுக்கு.”

அவர் விறாந்தைப் பக்கம் திரும்பி, “எடுத்துட்டாங்க! ரெண்டு பேரையும் எடுத்துட்டாங்க!” என்று கத்தினார். அதற்குப் பிறகு அங்கே ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. ஜெஸீமா நின்ற இடத்திலேயே சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்தார். யாரோ பெண்கள் வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

காக்கா செட்டுக்குப் போனார். பெரிய போட்டில் இருந்தவருக்கு விஷயத்தைச் சொல்லி, கப்பல் தந்த இடத்தையும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எங்கள் அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

“அந்த இடம் எங்களுக்குக் கிட்டத்தான் காக்கா. மூணு மணித்தியால ஓட்டம். ஆளத்தானே எடுத்திருப்பாங்க, போட் அங்கதான் கிடக்கும். போய்க் கட்டி இழுத்துட்டு வரட்டா?”

“போட் போனாப் போகட்டும்டா. எண்ணெய் காணாது. எல்லாரயும் கூட்டிட்டு வாங்க.”

அதைச் சொல்லும்போது காக்கா சிரித்துக்கொண்டிருந்தார். நான் என் மேசையில் உட்கார்ந்து, மேலிடத்துக்கும் தேடுதலில் சம்பந்தப்பட்ட மற்றக் கந்தோர்களுக்கும் அனுப்ப வேண்டிய சுருக்கத்தை எழுதினேன். ‘இருவரும் மீட்கப்பட்டனர்’ என்று எழுதினேன். அந்தத் தாள் எல்லா இடத்துக்கும் போனது. கப்பலின் மூலச் செய்தி கோப்புக்குள் போனது. அதை மறுபடி யாரும் எடுத்து வாசிக்கவில்லை. மொழிபெயர்ப்பு வந்தபிறகு மூலத்தை யாரும் வாசிக்கமாட்டார்கள். நமக்கு இருக்கிற பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

அடுத்தநாள் புதன்கிழமை பகல், அந்த இரண்டு பேரையும் நாட்டுக்குத் திருப்பி அழைக்கப் பத்திரங்கள் தயாரிக்க வேண்டும் என்று முகவர் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். எழுதுவினைஞர்தான் பேசினார்.

“கப்பலில இருக்கிற ரெண்டு பேரின்ர முழுப்பெயரும் வேணும், தம்பி.”

“எந்த ரெண்டு பேர் மிஸ்?”

“நீங்கள் அனுப்பின செய்தி. பிக் அப் பண்ணின ரெண்டு பேர்.”

“மிஸ், அவங்க கப்பலில இல்ல. ராடரில பிக் அப் பண்ணினது எண்டு கப்பல்ல சொன்னாங்க. பிறகு தூரக்கண்ணாடியால பார்த்து ரெண்டு பேர் இருக்கிறாங்க எண்டு கண்டு, நிக்க நேரமில்லாம இடத்தை மட்டும் அறிவிச்சிட்டுப் போயிருக்கிறாங்க. நீங்கள் ஆள் அனுப்புவீங்க எண்டுதானே உங்களுக்கு அனுப்பினது.”

நான் தொலைபேசியை வைத்துவிட்டு அலுமாரியிலிருந்து பெரிய அகராதியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. என் பக்கம் ஏதாவது நியாயம் கிடைக்கும் என்று தேடியிருப்பேன் போல. நிலத்தில் கிடக்கிற பொருளைத் தூக்குவது, ஒருவரைப் போய் ஏற்றி வருவது, கேட்டுக் கேட்டு மொழி பழகுவது, நோய் தொற்றிக்கொள்வது, காற்று பலப்பது, வியாபாரம் மெல்லத் தேறுவது. எல்லாவற்றுக்கும் அதே இரண்டு சொல். கீழே, நான் ஒருபோதும் பார்த்திராத இடத்தில், மெல்லிய ஒலியைக் காது பிடிப்பது, கருவியில் ஒரு புள்ளி தெரியவருவது. தூக்குகிற வேலை கையினுடையது. தெரியவருகிற வேலை காதினுடையது, கண்ணினுடையது, கருவியினுடையது. அந்தச் செய்தியில் எதனால் பிக் அப் செய்தார்கள் என்ற சொல் விடுபட்டிருந்தது. விடுபட்டதை நான் என் இஷ்டத்துக்கு நிரப்பிவிட்டேன்.

ஆங்கிலத்தில் இப்படி ஒரு சின்ன வினையும் அதன் வாலில் இன்னொரு சின்னச் சொல்லும் சேர்ந்து வருகிற இடங்களில் எப்போதும் நின்று பாருங்கள். யார், எதை, எதனால் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் தாளில் இல்லாவிட்டால் அது மொழிபெயர்க்கத் தயாரான வாக்கியம் இல்லை. எத்தனை பேர் வாசலில் நின்றாலும் சரி. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர்கள் உங்களை ஏசுவார்கள். ஏசட்டும்.

அன்றைக்குச் சனத்துக்கு விஷயத்தைச் சொன்னவர் எங்கள் மேலதிகாரி. நான் அறைக்குள் இருந்தேன், வெளியே வர எனக்குத் தைரியம் இல்லை. அவர் விறாந்தையில் நின்று, “கப்பல் கண்டது மட்டுந்தான், எடுக்கவில்லை. செய்தி மாறிப்போய்விட்டது” என்றார். பகல் இரண்டு மணிக்குப் போட்டுகள் மறுபடி புறப்பட்டன. வியாழக்கிழமை விடிய அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. காற்று இரண்டு நாள் தன் வேலையைச் செய்திருந்தது. இன்னும் மூன்று நாள் தேடிவிட்டு, எண்ணெய் முடிந்து திரும்பிவிட்டார்கள்.

பதினோராம் நாள், பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் வேறு ஊர்ப் போட் ஒன்று வெகு தூரத்தில் அந்த ஃபைபர் போட்டைக் கண்டு இழுத்து வந்தது. அதில் ரிஸ்வான் மட்டும் இருந்தார்.

கப்பல் கம்பனிக்கு அனுப்ப அவருடைய வாக்குமூலம் ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். போகாமல் விட வழி தேடினேன், கிடைக்கவில்லை. ரிஸ்வானுக்கு இருபத்திரண்டு வயது. உதடு வெடித்து, முகத்தோல் உரிந்து, கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கூரையைப் பார்த்தபடி கதைத்தார்.

“நாலாம் நாள் காலைல கப்பல் வந்திச்சி மிஸ். சரியான கிட்ட. நாங்க சேட்டக் கழட்டி வீசினம். மேல ஒரு ஆள் நிண்டு கையக் காட்டினான். மூணு தரம் ஹோன் அடிச்சான். பிறகு போய்ட்டான்.”

“பிறகு?”

“மச்சான் சொன்னாரு, பயப்படாத, அவன் அறிவிச்சிருப்பான், இண்டைக்கே நம்மட ஆக்கள் வந்துருவாங்க எண்டு. கேன்ல கொஞ்சம் தண்ணி மிச்சம் இருந்திச்சி. மூடி மூடியாக் குடிச்சிட்டிருந்தம். அண்டைக்குப் பகல் மச்சான் கேன எண்ட கையில தந்து, வயிறு நிறையக் குடிடா, இனி எதுக்கு மிச்சம் புடிக்கிற எண்டாரு. நானும் குடிச்சன். அவரும் குடிச்சாரு. முடிஞ்சிட்டு.”

நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதைக் கேட்டு, ஆங்கிலத்தில் ஒழுங்கான வாக்கியமாக்கி எழுதுவது என் வேலை. ‘மிச்சம் பிடித்தல்’ என்பதற்குச் சரியான சொல் எது என்று என் மூளை தன்பாட்டில் தேடிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

நஸீர் எட்டாம் நாள் இறந்தார். ஒரு பகல் முழுக்க ரிஸ்வான் அவரைப் போட்டுக்குள் வைத்திருந்தார். அதற்கு மேல் வைத்திருக்க ஏலாமல், கடல் தண்ணீரால் கழுவி, தனக்குத் தெரிந்ததை ஓதி, கடலில் விட்டார். “சரியா ஓதினனா தெரியா மிஸ்” என்றார். அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வேலையில் நான் தெரிந்தே விட்டுவிட்ட ஒரே வரி அது.

கந்தோருக்குத் திரும்பி, மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், இதை எழுதும்போதும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கதவைச் சாத்திவிட்டு, “அறிக்கையில ‘கிடைத்த செய்தி தெளிவற்றதாக இருந்தது’ எண்டு இருக்கட்டும். அது பொய்யில்லைத்தானே. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்ல. உங்களுக்கும் குடும்பம் இருக்கு” என்றார். அது பொய்யில்லைதான். செய்தி தெளிவற்றதாகத்தான் இருந்தது. நான் தலையாட்டினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஏழு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை ஜெஸீமா கந்தோருக்கு வந்தார். நஸீரின் மரணப் பதிவுக்காக ஒரு சத்தியக் கடதாசியை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. இந்த முறை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். நான் கடதாசியை வாங்கி வாசித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

“மிஸ், ஒண்டு கேக்கட்டா? அண்டைக்கு நீங்க காக்காட்ட என்ன சொன்னீங்க? கண்டாங்க எண்டா, எடுத்தாங்க எண்டா?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

“ஏன் கேக்கிறீங்கள்?”

“ஊர்ல காக்காவத்தான் குத்தம் சொல்றாங்க. மிஸ் ‘கண்டாங்க’ எண்டுதான் சொல்லியிருப்பாங்க, படிச்சவங்க, காக்காதான் அவதில ‘எடுத்தாங்க’ எண்டு கேட்டு, போட்டுகளத் திருப்பிட்டாரு எண்டு. அவரும் அப்பிடித்தான் சொல்றாரு. மிஸ் பிழையாச் சொல்லமாட்டாங்க, எண்ட காதுதான் பிழைச்சிருக்கும் எண்டு. அண்டையிலருந்து அவரு கடலுக்குப் போறல்ல. பள்ளிக்குப் போனாலும் கடைசி வரிசைல நிண்டு தொழுதிட்டு, ஆரோடயும் கதைக்காம வந்துருவாரு. எனக்கு அண்டைக்கு நடந்தது ஒண்டும் நினைவில்ல மிஸ். அதான் ஒங்களக் கேக்கிறன்.”

செய்தி மாறிப்போய்விட்டது. செய்தி தெளிவற்றதாக இருந்தது. இரண்டு வாக்கியத்திலும் யார் செய்தார்கள் என்பது இல்லை. எழுதினவர்களுக்கு அது வசதியாக இருந்தது. ஊர் அந்த வெற்றிடத்தில் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அந்த ஆளும் மறுக்காமல் ஏழு மாதம் அங்கே நின்றிருக்கிறார். என்னை நம்பினதால் நின்றிருக்கிறார்.

மேலதிகாரியின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நான் சொல்வது அவருக்குக் கேட்கும் என்று தெரியும். அந்த நேரத்தில் என் மனதில் நல்ல எண்ணங்கள் ஓடின என்று நினைக்காதீர்கள். ‘எனக்கும் சரியா நினைவில்ல’ என்ற வாக்கியம் தயாராக நாக்கு நுனி வரை வந்தது. ஜெஸீமா அதை நம்பியிருப்பார். எழுந்து போயிருப்பார்.

“எடுத்தாங்கள் எண்டுதான் சொன்னனான்” என்றேன். “காக்காவுக்குக் காது பிழைக்கேல்ல. நான்தான் பிழையா விளங்கினனான்.”

அவர் அழவில்லை. கடதாசியை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, மடித்துப் பையில் வைத்தார். மொழிபெயர்ப்பை வேறு ஆளிடம் செய்துகொள்ளப் போகிறார் என்று விளங்கியது. வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

“இத மூதூருக்கு வந்து எல்லாருக்கும் முன்னுக்குச் சொல்லேலுமா?”

“ஓம்.”

“நாளைக்கு ஜும்மா முடிஞ்சாப் பிறகு சங்கத்தில எல்லாரும் இருப்பாங்க.”

அவர் போனதும் மேலதிகாரி என் மேசைக்கு வந்தார். “போனால் இது பெரிய பிரச்சினையா வரும், தெரியுந்தானே?” என்றார். தெரியும் என்றேன். “லீவுக் கடிதத்தில காரணம் எழுதாதேங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடி பிரச்சினை வந்தது. விசாரணை நடந்தது, என் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம் ஏறியது, அடுத்த வருடம் கந்தளாய்க்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் கடலோடு சம்பந்தமில்லாத, வாய்க்காலும் வயலும் பற்றிய கடிதங்களையே மொழிபெயர்த்தேன். இதைத் தியாகம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஏழு மாதம் பிந்திச் செய்த காரியத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மறுநாள் கிண்ணியா வழியாகப் போகும் பஸ்ஸில் மூதூருக்குப் போனேன். மீனவர் சங்கக் கட்டடம் ஒற்றை மண்டபம். இருபது, இருபத்தைந்து ஆண்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஜெஸீமாவும் அவருடைய உம்மாவும். ரிஸ்வான் யன்னலோரம் நின்றார். என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பவில்லை, சிரிக்கவும் இல்லை. ஹனீபா காக்கா கடைசிக் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். எங்கள் கந்தோரில் செட்டுக்கு முன்னால் இருந்து ஆறு போட்டை ஓட்டிய மனிதர் இவர்தான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கோப்பிலிருந்து பிரதி எடுத்துக்கொண்டு போன தாளை வாசித்தேன். முதலில் ஆங்கிலத்தில், அது இருக்கிற மாதிரி. பிறகு அதன் சரியான அர்த்தத்தைத் தமிழில். பிறகு அன்றைக்கு நான் சொன்னதை. “காக்கா நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னவர். அவரில ஒரு பிழையும் இல்ல. ஒரு ஃபோன் எடுத்துக் கேட்டிருந்தா எனக்குச் சரியா விளங்கியிருக்கும். நான் கேக்கேல்ல” என்றேன். இன்னும் என்னென்னவோ சொல்லத் தயார்ப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். மன்னிப்பு என்ற சொல்லும் அதில் இருந்தது. அங்கே நின்றபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை. கேட்டால் அவர்கள் ஏதோ பதில் சொல்ல வேண்டி வரும். அந்தச் சுமையையும் அவர்கள் தலையில் வைப்பதா என்று விட்டுவிட்டேன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து ஏதோ சொல்ல வந்தார், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். காக்கா இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“அப்ப நான் சரியாத்தான் கேட்டிருக்கன்” என்றார்.

“ஓம் காக்கா.”

“எடுத்துட்டாங்க எண்டுதான் மிஸ் சொன்னீங்க.”

“ஓம்.”

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்த முடியாதவர்போல ஆட்டினார். பிறகு முகத்தைத் தோளில் கிடந்த துண்டுக்குள் புதைத்துக்கொண்டார். ரிஸ்வான் போய் அவர் பக்கத்தில், நிலத்தில் உட்கார்ந்தார்.

நான் வெளியே வந்தேன். பஸ் வர அரை மணித்தியாலம் இருந்தது. வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது ஜெஸீமா தனியாக நடந்து வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

“அந்த இங்கிலீஸ் சொல்ல ஒருக்காச் சொல்லுங்க மிஸ்.”

சொன்னேன்.

அவர் தன் வாயால் அதைச் சொல்லிப் பார்த்தார். முதலில் ஒரு சொல், பிறகு மற்றது. பிறகு இரண்டையும் சேர்த்து.

“இவ்வளவு சின்னச் சொல்லா?” என்றார்.